கிரிக்கெட் ஸ்டாம்ப் வாங்குங்க. முதலீடுன்னு சொல்லி மட்டும் வாங்காதீங்க



இந்த வாரம் எஸ்ஐபி இல்லை, வரி இல்லை. ஸ்டாம்ப் பத்திப் பேசப் போறோம். தபால் ஸ்டாம்ப்தான், அஞ்சல் தலை. "இதுக்கும் நம்ம சேனலுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு. அதுல என் தப்பும் கொஞ்சம் இருக்கு. அதனாலதான் வீடியோவா மட்டும் போடாம, நிதானமா எழுதியும் வைக்கிறேன்.

போன ஜூலை மாசம், ரிட்டர்ன் ஃபைல் பண்ற சீசன். பொன்னேரியில் இருக்கிற என் ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். வயசு 26, டிப்ளமோ மெக்கானிக்கல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங் வேலை பார்த்தவர். கைக்கு வந்த சம்பளம் மாசம் 26,000 ரூபாய். கொண்டு வந்தது ஃபார்ம் 16, கூடவே துணிப்பைக்குள் சுத்தி வெச்ச ஒரு கனமான ஆல்பம்.

"அண்ணா, இதை எதுல காட்டணும்? அசெட்னு போடணுமா?"

திறந்து பார்த்தேன். அத்தனையும் கிரிக்கெட் ஸ்டாம்ப். முதல் பக்கத்தில் 2013இல் வந்த சச்சின் மினியேச்சர் ஷீட். அடுத்து 1996இல் வந்த நாலு வீரர்கள்: சி.கே. நாயுடு, வினு மன்கட், விஜய் மெர்ச்சன்ட், தேவ்தர். 1973இல் வந்த ரஞ்சித்சிங்ஜி. 1971 கிரிக்கெட் வெற்றிக்கு வந்த 20 பைசா ஸ்டாம்ப். பிறகு பத்து பக்கத்துக்கு வெளிநாட்டு ஸ்டாம்ப்கள். கடைசியில் தங்கக் கலரில் அச்சடிச்ச ஒரு 'சான்றிதழ்'. அதை அச்சடிச்சது ஆல்பத்தை வித்த ஆளேதான்.

விலை 48,000 ரூபாய். 30,000 ரூபாய்க்கு பேங்க் ஆர்டியை உடைச்சிருக்கார். மீதி 18,000, கிரெடிட் கார்டு இஎம்ஐ. 18% வட்டி, 12 மாசம், மாசம் 1,650 ரூபாய்.

இது நடந்தது போன வருஷம் நவம்பர்ல. மார்ச் மாசத்தோட கான்ட்ராக்ட் முடிஞ்சு, புதுப்பிக்கலை. அடுத்த வேலை கிடைக்க 11 வாரம் ஆச்சு. அந்த 11 வாரமும் ரூம் வாடகை உண்டு, ஊருக்கு அனுப்பற பணம் உண்டு, இஎம்ஐயும் உண்டு. ஆல்பத்தை வித்த ஆளுக்கு போன் பண்ணினா, "நாங்க வாங்கறதில்லை சார், பத்து வருஷம் ஹோல்ட் பண்ணுங்க"ன்னு பதில். சென்னையில் ஒரு ஸ்டாம்ப் கடைக்காரர் பொறுமையா எல்லாப் பக்கத்தையும் பார்த்துட்டு 6,500 ரூபாய் சொல்லியிருக்கார். கடைசியில் அம்மாவோட தோட்டை அடகு வெச்சுத்தான் அந்த மூணு மாசத்தை ஓட்டியிருக்கார்.

"யாருப்பா இதை முதலீடுன்னு சொன்னது?"ன்னு கேட்டேன்.

ஒரு நிமிஷம் பேசாம இருந்தார். "நீங்கதான்ணா. உங்க வீடியோ."

₹10 ஸ்டாம்ப், ₹4 கோடி

உண்மைதான். மாற்று முதலீடுகள் பத்தி 12 நிமிஷ வீடியோ ஒண்ணு போட்டிருந்தேன். அதுல ஸ்டாம்ப் பத்தி வந்தது ஒரே ஒரு நிமிஷம். ஆனா முகப்புப் படத்தில் என்ன போட்டேன் தெரியுமா? "₹10 ஸ்டாம்ப் = ₹4 கோடி!"

அந்தத் தகவல் பொய் இல்லை. 1948இல் காந்தி நினைவா வெளியான 10 ரூபாய் ஸ்டாம்பில், கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக 'சர்வீஸ்'னு மேலச்சு போட்டுக் கொஞ்சம் எடுத்தாங்க. இப்ப தனியார் கையில் புழங்கறது 13தான்னு சொல்றாங்க. அதுல நாலு சேர்ந்த ஒரு துண்டை 2017 ஏப்ரலில் லண்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ் 5 லட்சம் பவுண்டுக்கு, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருத்தருக்கு வித்தாங்க. அன்றைய மதிப்பில் 4 கோடி ரூபாய்க்கு மேல்.

வீடியோவில் இரண்டு விஷயத்தைச் சொல்லாம விட்டேன். ஒண்ணு: அது நாலு ஸ்டாம்ப்புக்கு வந்த விலை, ஒண்ணுக்கு இல்லை. இரண்டு: தனியார் கையில் 13 மட்டும் இருக்கிற பொருளோட விலை, தபால் ஆபீஸ் கவுன்டரில் வரிசையில் நின்னு வாங்கின பொருளைப் பத்தி எதுவுமே சொல்லாது. லாட்டரியில் கோடி ஜெயிச்சவர் போட்டோவைக் காட்டி 'லாட்டரி நல்ல முதலீடு'ன்னு சொன்ன மாதிரிதான் நான் செஞ்சது.

இன்னொரு கதையும் அதே வருஷம் நடந்தது. அதே ஸ்டான்லி கிப்பன்ஸ், 1856இல் தொடங்கின, ஸ்டாம்ப் உலகத்தில் எல்லாரும் மதிக்கிற பேர். அவங்களோட கெர்ன்ஸி தீவுக் கிளை, ஸ்டாம்பையும் நாணயத்தையும் முதலீடா வித்துக்கிட்டிருந்தது. 2017 நவம்பரில் அது திவால் நடவடிக்கைக்குப் போச்சு. 4 கோடி செய்தி நமக்கு வாட்ஸ்அப்ல வந்தது. இந்தச் செய்தி வரலை.

பேஸ்பாலில் இருந்து வந்த குழப்பம்

தம்பிக்கு ஆல்பத்தை வித்த ஆள் அனுப்பின மெசேஜையும் காட்டினார். "அமெரிக்காவில் பேஸ்பால் சேகரிப்பு 100 கோடி! இந்தியாவில் கிரிக்கெட் ஸ்டாம்ப்தான் அடுத்த பேஸ்பால்!"

இதுல ஒரு கண்கட்டு வேலை இருக்கு. 100 கோடிக்குப் போனது ஸ்டாம்ப் இல்லை, கார்டு. நாம சின்ன வயசுல பபுள்கம் கூட வாங்கின கிரிக்கெட் கார்டு மாதிரி. 1952ஆம் வருஷத்து மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டு ஒண்ணு 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போச்சு. நம்ம பணத்தில் சுமார் 100 கோடி. ஏன் அந்த விலை? அந்தக் கார்டு வித்துத் தீராம கிடங்கில் தேங்கிக் கிடந்தது. 1960 வாக்கில் மிச்சத்தைப் படகில் ஏத்திக் கடலில் கொட்டினதா அந்தக் கம்பெனி ஊழியரே பின்னாடி சொன்னார். வீட்டுக்கு வந்த கார்டையும் பசங்க மடிச்சாங்க, கிழிச்சாங்க, அம்மாக்கள் குப்பையில் போட்டாங்க. யாருமே பத்திரப்படுத்தாததால்தான் மிச்சம் இருந்ததுக்கு அந்த விலை.

இந்தக் கதை ஊரெல்லாம் பரவின பிறகு, 1980களின் கடைசியில் அமெரிக்காவே கார்டை 'முதலீடா' வாங்க ஆரம்பிச்சுது. கம்பெனிகளும் கோடிக்கணக்கில் அச்சடிச்சாங்க. எல்லாரும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வெச்சாங்க. அந்தக் காலத்துக் கார்டுகளுக்கு இன்னைக்கு அவங்களே 'குப்பைக் காலம்'னு பேர் வெச்சிருக்காங்க. பெரும்பாலானதுக்கு விலையே இல்லை.

சரி, பேஸ்பால் ஸ்டாம்ப்? அமெரிக்காவோட முதல் பேஸ்பால் ஸ்டாம்ப் 1939 ஜூன் 12ஆம் தேதி கூப்பர்ஸ்டவுன் ஊரில் வந்தது, விலை 3 சென்ட். பேஸ்பாலுக்கு நூறு வயசுன்னு கொண்டாட வந்த ஸ்டாம்ப். 1839இல் ஆப்னர் டபுள்டே அந்த ஊரில் விளையாட்டைக் கண்டுபிடிச்சார்ங்கிற கதையை வரலாற்று ஆய்வாளர்கள் இப்ப ஏத்துக்கறதே இல்லை. ஸ்டாம்பிலும் டபுள்டே படம் இல்லை. காலி மைதானத்தில் விளையாடற பசங்க படம்தான். அழகான ஸ்டாம்ப். ஆனா அச்சடிச்சது 8 கோடிக்கு மேல். அதனால 86 வருஷம் ஆன பிறகும் ஒரு சில டாலருக்குக் கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கை. கிரெனடான்னு ஒரு குட்டித் தீவு, வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் நாடு. 1988இல் அவங்க அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் படம் போட்டுத் தாள் தாளா ஸ்டாம்ப் வெளியிட்டாங்க. அங்கே பேஸ்பாலா ஆடறாங்க? அமெரிக்க சேகரிப்பாளர்கள் வாங்குவாங்க, அவ்வளவுதான். தம்பியோட ஆல்பத்தில் இருந்த வெளிநாட்டுப் பக்கங்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரி ரகம். ஏற்கெனவே முத்திரை குத்தி, கடிதத்தில் ஒட்டாமலே கட்டுக்கட்டா விக்கறது. பார்க்க நல்லா இருக்கும், திரும்பி வாங்கத்தான் ஆள் இருக்காது.

100 மடங்குன்னா பெருசா?

"1971ல 20 பைசா, இன்னைக்கு 20 ரூபாய், 100 மடங்கு அண்ணா!"ன்னு தம்பி சொன்னார். அதுவும் அந்த மெசேஜில் இருந்த வரிதான். 20 ரூபாய்க்கு விக்குதுன்னே வெச்சுக்குவோம். கால்குலேட்டரை எடுத்தேன்.

1971இல் இருந்து 2025 வரை 54 வருஷம். 54 வருஷத்தில் 100 மடங்குன்னா ஆண்டுக்கு 8.9%. பரவாயில்லைதான். ஆனா அதே 1971இல் 10 கிராம் தங்கம் 200 ரூபாய்க்குள்ள. 2025இல் ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. 500 மடங்குக்கு மேல். 'மடங்கு'ன்னு யாராவது சொன்னா உடனே "எத்தனை வருஷத்தில்?"னு கேளுங்க. பாதி வியாபாரம் அங்கேயே நின்னுடும்.

சச்சினை எடுங்க. 2013 நவம்பர் 14, வான்கடேயில் அவரோட 200ஆவது, கடைசி டெஸ்ட் தொடங்கின நாள். இரண்டு ஸ்டாம்ப், தலா 20 ரூபாய். அந்த 20 ரூபாயை ஆண்டுக்கு 7.1% தர்ற இடத்தில் போட்டிருந்தா, 12 வருஷத்தில் 45 ரூபாய் 50 காசு. இப்ப பிபிஎஃப் வட்டி 7.1%தான், அன்னைக்கு 8.7%. அதனால நான் குறைச்சுத்தான் கணக்குப் போடறேன். ஸ்டாம்ப் தன் அச்சு விலையில் இருந்து 45 ரூபாய்க்குப் போனா, அது ஜெயிக்கலை, பிபிஎஃப்போட சமம். அதுவும் வாங்க ஆள் கிடைச்சா.

சச்சின் ரசிகர் இந்த நாட்டில் எத்தனை பேர்! அந்த ஷீட்டை வாங்கினவங்க யாராவது கிழிச்சு மின்சார பில் அனுப்பற கவரில் ஒட்டியிருப்பாங்களா? எல்லாரும் பத்திரமா பிளாஸ்டிக் உறையில்தான் வெச்சிருக்காங்க. எல்லாரும் பத்திரமா வெச்ச பொருள் அரிதாகாது. மேன்டில் கார்டு கதை இங்கே தலைகீழா வேலை செய்யுது.

அடகுக்கடை டெஸ்ட்

இனிமே எதையாவது 'அசெட்'னு நீங்க நம்பினா, நான் வெக்கிற பரீட்சை இதுதான். அதைக் கையில் எடுத்துக்கிட்டு கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு அடகுக்கடைக்குப் போறதா நினைச்சுப் பாருங்க. அரை பவுன் தோடு: எடை போட்டு, உரசிப் பார்த்து, பத்து நிமிஷத்தில் பணம். எஃப்டி: ஷிஃப்ட் பிரேக்கில் போனிலேயே உடைச்சுடலாம். மியூச்சுவல் ஃபண்ட்: இரண்டு மூணு நாளில் அக்கவுன்ட்டில். ஆல்பம்?

ஸ்டாம்ப்புக்கு மதிப்பே இல்லைன்னு நான் சொல்ல வரலை. அதோட விலையைச் சொல்லக்கூடிய ஆள் உங்க ஊரில் இல்லை. சென்னையில் இருக்கிற சில பேர் சொல்ற விலையும் அவங்களுக்குக் கட்டுப்படியாகிற விலை. கேட்டலாக்கில் போட்டிருக்கிற தொகை நீங்க வாங்கறதுக்கான விலை, நீங்க விக்கறதுக்கான விலை இல்லை. தம்பிக்கு 48,000க்கு வித்த ஆல்பத்துக்கு 6,500 சொன்ன கடைக்காரர் ஏமாத்துக்காரர் இல்லை. அவர் அதை ஒவ்வொண்ணா பிரிச்சு, மாசக்கணக்கில் காத்திருந்து விக்கணும். அவர் சொன்னதுதான் அன்னைய உண்மையான விலை.

தபால் ஆபீஸும் நீங்க வாங்கின ஸ்டாம்பைத் திருப்பி எடுத்துக்கிட்டு காசு தராது. ஒட்டிக் கடிதம் போடலாம், அவ்வளவுதான்.

"திருப்பி வாங்கிக்கறோம்"னு சொன்னா இன்னும் ஜாக்கிரதை

தம்பிக்கு வித்தவர் திருப்பி வாங்க மாட்டேன்னாவது சொன்னார். "நாங்களே கூடுதல் விலைக்கு வாங்கிக்கறோம்"னு எழுதிக் கொடுக்கிற ரகம் இதைவிட ஆபத்து.

ஸ்பெயினில் அஃபின்சா, ஃபோரம் ஃபிலடெலிகோன்னு இரண்டு கம்பெனி. மக்கள் பணத்தை வாங்கி, அதுக்கு ஈடா ஸ்டாம்ப் கொடுத்து, குறிச்ச தேதியில் கூடுதல் விலைக்குத் திருப்பி வாங்கிக்கறோம்னு ஒப்பந்தம் போட்டாங்க. அந்த ஸ்டாம்ப்புக்கு என்ன விலைன்னு சொன்னதும் அவங்களே. 2006 மே மாசம் போலீஸ் உள்ளே போனப்ப, நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவங்களோட சேமிப்பு மாட்டிக்கிட்டது. புதுசா வர்றவங்க பணத்தை எடுத்துப் பழைய ஆட்களுக்குக் கொடுத்திருக்காங்க. வாங்கினவங்க யாரும் பெரிய பணக்காரங்க இல்லை; ஓய்வு பெற்றவங்க, மாசச் சம்பளக்காரங்க.

இந்த மாதிரி மோசடிக்கு உலகம் முழுக்க 'பொன்ஸி'ன்னு பேர். சார்லஸ் பொன்ஸி 1920இல் பாஸ்டனில் 45 நாளில் 50% லாபம் தர்றேன்னு சொன்னப்ப, அவர் காட்டின சரக்கு என்ன தெரியுமா? தபால் கூப்பன். வெளிநாட்டுக்குப் பதில் கடிதம் போட உதவற கூப்பனை இத்தாலியில் மலிவா வாங்கி, அமெரிக்காவில் ஸ்டாம்ப்பா மாத்தி லாபம் பார்க்கறேன்னார். கேட்க நியாயமாத்தான் இருந்தது. ஆனா அவர் வாங்கின பணத்துக்கு 16 கோடி கூப்பன் வேணும். புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27,000.

நமக்கு பாஸ்டன் வரைக்கும் போக வேண்டாம். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி ஞாபகம் இருக்கா? குஞ்சு தர்றோம், தீனி தர்றோம், மாசாமாசம் பணம் தர்றோம், கடைசியில் நாங்களே வாங்கிக்கறோம். அதே கதை, ஸ்டாம்ப்புக்குப் பதில் கோழி.

அப்போ சேர்க்கவே கூடாதா?

இங்கேதான் என்னோட கருத்து. நான் இதுவரை சொன்னதைப் படிச்சு யாராவது வீட்டில் இருக்கிற ஆல்பத்தை எடைக்குப் போட்டா, எனக்கு அதைவிட வருத்தம் வேற இல்லை. ஸ்டாம்ப் சேர்க்கறது நல்ல பழக்கம். அதுக்கு 'முதலீடு'ன்னு பேர் வெச்சதுதான் கெடுதல்.

பேர் மாறினா என்ன ஆகும்? செலவுன்னு நினைச்சா, "இந்த மாசம் 200 ரூபாய் போதும்"னு மனசே பிரேக் போடும். முதலீடுன்னு நினைச்சா பிரேக் கழண்டுடும். ஆர்டியை உடைக்கலாம், இஎம்ஐ போடலாம், "எதிர்காலத்துக்குத்தானே"ன்னு ஒரு சமாதானமும் கிடைச்சுடும். தம்பி ஒரு சட்டைக்கு 48,000 கொடுத்திருப்பாரா? சினிமாவுக்கு? முதலீடுங்கிற ஒரு வார்த்தைதான் அவரை அங்கே கூட்டிப் போச்சு.

இதுல எங்களை மாதிரி பணம் பத்திப் பேசற ஆட்களோட பங்கு பெருசு. வாட்ச் முதலீடு, ஷூ முதலீடு, பழைய நோட்டு முதலீடுன்னு எல்லாத்தையும் லாபக் கணக்கில் கொண்டு வந்து நிறுத்திட்டோம். ஒரு விஷயம் சந்தோஷம் தந்தா போதாது, ரிட்டர்னும் தரணும்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்கதான். காக்களூர்லயும் கும்மிடிப்பூண்டிலயும் எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டு வேலை பார்த்துட்டு வர்ற பிள்ளைக்கு, லாபமே இல்லாத ஒரு பொழுதுபோக்கு இருக்கக் கூடாதா? இருக்கணும். அதுக்குன்னு பட்ஜெட்டில் தனியா ஒரு வரி இருக்கட்டும்.

சிலர் சொல்வாங்க: "தெரிஞ்சு வாங்கினா ஸ்டாம்ப்லயும் சம்பாதிக்கலாம் சார், சம்பாதிச்சவங்க இருக்காங்க." இருக்காங்க, மறுக்கலை. ஆனா அவங்க வியாபாரிங்க. இருபது, முப்பது வருஷம் கண்ணாடியை வெச்சு ஓட்டையையும் நீர்க்குறியையும் பார்த்துப் பழகினவங்க. அவங்க சம்பாதிச்சது அந்த அறிவுக்குக் கிடைச்ச கூலி. ரெடிமேட் ஆல்பம் வாங்கினவங்களுக்கு அந்தக் கூலி வராது.

சேர்க்க ஆசை இருக்கறவங்களுக்கு என் யோசனை இதுதான்:

1. முதல்ல மூணு மாசச் செலவுப் பணம், மருத்துவக் காப்பீடு. அது இல்லாம ஆல்பம் பக்கம் போகாதீங்க. கான்ட்ராக்ட் வேலைன்னா ஆறு மாசச் செலவு.

2. கைக்கு வர்ற சம்பளத்தில் 1%தான் உச்ச வரம்பு. 26,000 சம்பளம்னா மாசம் 260. அந்த மாசம் வாங்கலைன்னா அடுத்த மாசம் சேர்த்து வாங்குங்க. கடன், கார்டு, இஎம்ஐ கூடவே கூடாது.

3. புது ஸ்டாம்பை அச்சு விலைக்கே வாங்குங்க. சென்ட்ரலுக்கு ட்ரெயின் ஏறினா அண்ணா சாலை தலைமை அஞ்சலகம் பக்கம்தான். அங்கே ஸ்டாம்ப் சேகரிக்கிறவங்களுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. குறைந்தது 200 ரூபாய் கட்டி டெபாசிட் கணக்கு தொடங்கினா, புதுசா வர்றதை வீட்டுக்கே அனுப்புவாங்க.

4. தனியாரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கறதா இருந்தா ஒரே கேள்வி கேளுங்க: "இதை இன்னைக்கு சாயங்காலமே உங்ககிட்ட திருப்பி வித்தா எவ்வளவு தருவீங்க?" பதில் வர தாமதமாற ஒவ்வொரு வினாடிக்கும் விலையில் ஆயிரம் கழிச்சுக்குங்க.

5. வீட்டில் ஆறாவதில் இருந்து ஒன்பதாவது வரை படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா அவங்களையும் சேர்த்துக்குங்க. அஞ்சல் துறையே 2017இல் தீன் தயாள் ஸ்பர்ஷ்னு ஒரு திட்டம் கொண்டு வந்தது; படிப்பும் ஸ்டாம்ப் ஆர்வமும் உள்ள பிள்ளைகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் உதவித்தொகை. ஸ்டாம்பில் நிச்சயமான வருமானம்னு நான் பார்த்தது இது ஒண்ணுதான்!

லாபம் வந்தா வரி எப்படின்னு கமென்ட்டில் யாராவது கேட்பீங்க. முதல்ல லாபம் வரட்டும், அப்புறம் அதுக்குத் தனி வீடியோ.

அந்த 20 பைசா ஸ்டாம்ப்

எங்க வீட்டிலும் அந்த 1971 கிரிக்கெட் ஸ்டாம்ப் ஒண்ணு இருக்கு. புதுசு இல்லை, முத்திரை குத்தினது. சென்னையில் இருந்து என் தாத்தா ஊருக்குப் போட்ட கடிதத்தோட கவர். பக்கத்தில் இன்னொரு குட்டி 5 பைசா ஸ்டாம்ப் ஒட்டியிருக்கு. வங்கதேச அகதிகள் நிவாரணத்துக்காக அந்த நவம்பரில் இருந்து எல்லாக் கடிதத்துக்கும் கூடுதலா ஒட்டணும்னு வந்தது அது. கிரிக்கெட் ஸ்டாம்ப் வந்தது டிசம்பரில், போர் நடந்த அதே மாசம். அந்த வருஷம் வடேகர் தலைமையில் நம்ம ஆட்கள் வெஸ்ட் இண்டீஸ்லயும் இங்கிலாந்துலயும் தொடரை ஜெயிச்சாங்க. கவாஸ்கர் 774 ரன் அடிச்சது வெஸ்ட் இண்டீஸ்லதான். இரண்டு டூருக்கும் துணை கேப்டன் யார்? நம்ம சென்னை வெங்கட்ராகவன்.

ஒரு கவரில் ஒரு வெற்றி, ஒரு போர், ஒரு வரி, ஒரு தாத்தா. இதைக் கடையில் கேட்டா டீ செலவுக்குத்தான் வரும். என்னோட நிகர சொத்துக் கணக்கில் நான் இதைச் சேர்க்கலை, விக்கவும் போறதில்லை. தம்பி கேட்ட கேள்விக்கும் அதுதான் பதில்: "அசெட்னு எங்கேயும் போட வேண்டாம்ப்பா. செலவு ஆயிடுச்சுன்னு எழுதிக்கோங்க. எழுதிட்டா மனசு லேசாகும்."

அவருக்கு இப்ப சிப்காட்லயே வேற தொழிற்சாலையில் வேலை. போன மாசம் தோட்டை மீட்டுட்டார். இஎம்ஐ முடிஞ்சதும் அந்த 1,650ஐ அப்படியே ஆர்டியில் போடறதா ஏற்பாடு. ஆல்பத்தை விக்கலை. வெளிநாட்டுப் பக்கங்களைப் பிரிச்சு அக்கா பையன்கிட்ட கொடுத்துட்டு, இந்திய ஸ்டாம்ப்களை மட்டும் வெச்சிருக்கார். "இப்பதான்ணா ஒவ்வொண்ணா பார்க்கவே ஆரம்பிச்சிருக்கேன். வெங்கட்ராகவன் யாருன்னு அப்பா ஒரு மணி நேரம் சொன்னார்"னு சொன்னார். அந்த ஒரு மணி நேரத்துக்கு 48,000 அதிகம்தான்.

அந்த வீடியோவை எடுத்துட்டேன். ஸ்டாம்ப் பகுதியை மாத்தி, முகப்புப் படத்தையும் மாத்தி, மறுபடி போடறேன். பழைய தலைப்பை நம்பி வேற யாராவது இப்படி எதையாவது வாங்கியிருந்தா, தயங்காம எழுதுங்க. எவ்வளவுக்கு வாங்கினீங்க, விக்கப் போனப்ப எவ்வளவு சொன்னாங்க, இரண்டு எண் மட்டும் போதும். மத்தவங்க பார்க்கட்டும்.

அடுத்த வாரம் ஓவர்டைம் பணத்துக்கு பிஎஃப் பிடிப்பாங்களான்னு பார்ப்போம்.